அருங்காட்சியகத்தில் பெண் பார்த்தது

குமரேசனுக்குப் பெண் தேடித் தேடி ஓய்ந்து போயிருந்த வீட்டுக்கு அந்தச் சனிக்கிழமை காலையில் திடீரென்று கல்யாணக் களை வந்துவிட்டது. அம்மா தையல்நாயகி தலைக்குக் குளித்து, அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய தம்பி சீனுவாசன் திண்டிவனத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தவர், வீட்டு முன்னால் நிறுத்தி ஹாரனை அடி அடி என்று அடித்தார். போகிற காரியம் பரம ரகசியம். அந்த ஹாரன் சத்தத்தில் கூட்டேரிப்பட்டு கூட்டுரோடு வரைக்கும் விஷயம் தெரிந்திருக்கும்.

ரகசியம் இதுதான். கலைப்பிரியா என்று கண்டாச்சிபுரத்துப் பெண் ஒருத்தி, வரலாறு படித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பொருளாகக் காட்டி விளக்கம் சொல்கிற வேலை. தரகர் விருத்தாசலம் கொண்டுவந்த இடம். முறைப்படி வீட்டுக்குப் போய்ப் பெண் பார்ப்பதற்கு முன்னால், பெண்ணுக்கே தெரியாமல் ஒருமுறை பார்த்துக்கொள்வது இந்தப் பக்கத்துப் பழக்கம். கோயிலில் பார்ப்பார்கள், பஸ் ஸ்டாண்டில் பார்ப்பார்கள், ஜவுளிக்கடையில் புடவை எடுக்கிற மாதிரி நின்றுகொண்டு பார்ப்பார்கள். வீடேறிப் போய்க் கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் பெண்ணின் மனசு நோகுமாம். ஒளிந்து பார்த்தால் நோகாதா என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"இன்னாடா மூஞ்சிய இப்டி வச்சிக்கினு வர்ற? எழவு வூட்டுக்கா போறோம்?" என்று காரில் ஏறியதுமே அம்மா ஆரம்பித்தாள்.

குமரேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு வயது முப்பத்து மூன்று. சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிறான், கொஞ்சம் சவுக்கு மரம் வைத்திருக்கிறான். கெட்ட பழக்கம் கிடையாது, ஆள் பார்க்கவும் லட்சணமாகத்தான் இருப்பான். ஆனால் "மாப்பிள்ளை என்ன பண்றார்" என்ற கேள்விக்கு "விவசாயம்" என்று பதில் போனதும், அதுவரை பொருந்தியிருந்த ஜாதகம் மறுநாளே பொருந்தாமல் போய்விடும். நிலக்கடலை விளைவிக்கிறவனுக்கு மட்டும் கிரகங்கள் ஏன் இப்படிக் கோணிக்கொள்கின்றன என்பது சோசியருக்கே வெளிச்சம். அதனால் இந்தத் தடவை தரகர் துணிந்து ஒரு பொய்யைச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை ஒரகடத்தில் கார் கம்பெனியில் சூப்பர்வைசராம்.

"மாமா, அந்தப் பொய் மட்டும் வேணாமே" என்றான் குமரேசன்.

"மொதல்ல பொண்ணு புடிக்குதான்னு பாரு. மிச்சத்த அப்பால பேசிக்கலாம்" என்றார் சீனுவாசன். "கல்யாணம் ஆயிட்டா அவளே வந்து மல்லாட்ட புடுங்குவா. ஊரே இப்டித்தான் பண்ணிக்கினு இருக்குது."

மயிலத்தில் தையல்நாயகி ஒரு முழ நீளத்துக்கு மல்லிகைப் பூ வாங்கி, நனைத்த வாழையிலையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். போகிற வழியில் இரும்பை ஊர் மாகாளேஸ்வரருக்குச் சாத்திவிட்டுப் போகலாம் என்பது அவள் எண்ணம். "டைம் இல்லக்கா, மத்தியானம் மூடிடுவாங்க, ஜல்தியா போவணும்" என்று சீனுவாசன் இரும்பையில் நிறுத்தாமலே ஓட்டிவிட்டார். சாமிக்குப் போக வேண்டிய பூ பையிலேயே தங்கிப்போனது.

அருங்காட்சியகம் கடற்கரைக்குச் சற்றுத் தள்ளி, மஞ்சள் பூசிய ஒரு பழைய வீட்டில் இருந்தது. நுழைவுச் சீட்டு கொடுக்கிற இடத்தில் பிரான்சிஸ் என்று ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவையை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டு வைத்தார்.

"மெட்ராஸு" என்றார் சீனுவாசன்.

"கும்பகோணம்" என்றாள் தையல்நாயகி, அதே நொடியில்.

ஊர் பெயரைச் சொல்லக் கூடாது என்றுதான் காரில் பேசி வைத்தார்களே தவிர, எந்த ஊர் பெயரைச் சொல்வது என்று பேசி வைக்கவில்லை. பிரான்சிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, உள்ள போங்க. பிரியா பாப்பா வந்து காட்டும்" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அந்தப் பெயரைக் கேட்டதுமே, ஒரு பெண்ணை ஒளிந்து பார்க்க வந்திருக்கிறோமே என்ற கூச்சத்தில் குமரேசனின் தலை தானாகக் கவிழ்ந்துவிட்டது. "வணக்கங்க, வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஜோடி செருப்புதான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல், பக்கத்தில் இருந்த பெரிய கல்லைப் பார்த்தான். நடுவில் ஓட்டை போட்ட கல்.

"இது நங்கூரம்ங்க" என்றது குரல். "இரும்பு நங்கூரம் வர்றதுக்கு முன்னாடி கல்லுலதான் செஞ்சாங்க. இந்த ஓட்டையில கயிறு கட்டிக் கடல்ல எறக்கிடுவாங்க."

"இதாங்களா நங்கூரம்?" என்று கேட்டான் குமரேசன். மாட்டைக் கட்டுகிற மாதிரி கப்பலையும் கல்லில் கட்டிப் போட்டிருக்கிறார்களே என்று அவனுக்கு ஒரு வியப்பு. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். தொடலாம் என்றது குரல். தொட்டான். அவ்வளவுதான், வந்த வேலை மறந்துபோயிற்று.

அடுத்து வந்தவை மணிகள். மண்ணுக்குள் கிடந்து எடுத்த கண்ணாடி மணிகள், கடுகளவும் மிளகளவுமாக, நீலமும் பச்சையும் சிவப்பும். அதற்கடுத்து கடல் தாண்டி வந்த ஜாடிகளின் உடைந்த மூக்கும் காதும். குமரேசன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தான். அவன் விட்ட மூச்சில் கண்ணாடி பனித்தது. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். அந்த ஜாடியில் என்ன வந்தது, யார் குடித்தார்கள், காலி ஜாடியை என்ன பண்ணினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனான். அவள் சளைக்காமல் பதில் சொன்னாள்.

இந்தப் பக்கம் தையல்நாயகி தன் பரீட்சைகளை நடத்திக்கொண்டிருந்தாள். உயரத்தில் ஒட்டியிருந்த ஒரு குறிப்பைக் காட்டி, "அது இன்னா எழுதியிருக்குது, கண்ணு தெரியல, படிச்சி சொல்லும்மா" என்றாள். பெண் எட்டிப் படித்தாள். கண் பார்வை சரி, உயரமும் சரி. கைக்குட்டையைக் கீழே நழுவ விட்டாள். பெண் சட்டென்று குனிந்து எடுத்துக் கொடுத்தாள். இடுப்பும் சரி, குணமும் சரி. சீனுவாசன் ஒரு பானையைப் படம் எடுக்கிற மாதிரி செல்போனைப் பிடித்துக்கொண்டு பெண்ணைப் படம் எடுத்தார். பின்னால் பார்த்தபோது எல்லாப் படத்திலும் பானைதான் விழுந்திருந்தது.

"டேய், பொண்ணப் பாருடா" என்று அம்மா அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

பார்க்கத்தான் நிமிர்ந்தான். நிமிர்ந்தால், எதிர் அறையில் ஒரு முழுப் படகு.

"இந்தப் படகுல ஒரு ஆணி கூட கிடையாதுங்க" என்றாள் கலைப்பிரியா.

"இன்னாது, ஆணி கிடையாதா?"

"பலகையும் பலகையுமா வச்சி கயித்தால தைச்சிருக்காங்க. நம்ம கரையில அலை ஜாஸ்தி. ஆணி அடிச்ச படகா இருந்தா மோதுற மோதுல பொளந்துக்கும். இது கொஞ்சம் வளைஞ்சி கொடுக்கும். கப்பலெல்லாம் கரைக்கு வராதுங்க, ஆழம் பத்தாது. தூரத்துலயே நிக்கும். மூட்டைங்களை இதுலதான் ஏத்திக்கினு போய்க் கப்பல்ல போடுவாங்க."

குமரேசன் படகைச் சுற்றி வந்தான். தையலை விரலால் எண்ணாத குறையாகப் பார்த்தான். அடியில் எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளை வேட்டியோடு தரையில் மல்லாந்து, படகை நிறுத்தி வைத்திருந்த கட்டைகளுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சீனுவாசன் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"இந்தப் பக்கம் வந்து இதைப் பாருங்க" என்று அவளே அவனைக் கூப்பிட்டுப் போனாள். அவளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. சுவரில் ஒரு பெரிய பழைய புகைப்படம். கடலுக்குள் நீண்ட பாலம், அதன் மேல் மலை மலையாகச் சாக்கு மூட்டைகள், மூட்டைக்கு நடுவே எறும்பு மாதிரி ஆட்கள்.

"மூட்டையில இன்னாங்க?"

"நிலக்கடலைங்க."

"மல்லாட்டையா?" குமரேசன் போட்ட சத்தத்தில் பிரான்சிஸ் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "எந்த ஊரு மல்லாட்டைங்க?"

"எல்லாம் நம்ம திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துதுதான். மாட்டு வண்டியிலயும் ரயில்லயும் வந்து, இங்கேர்ந்து கப்பல் ஏறி பிரான்ஸுக்குப் போச்சு. அங்க எண்ணெய் ஆட்டினாங்க, சோப்பு செஞ்சாங்க. ஒரு காலத்துல இந்தத் துறைமுகமே இந்தக் கடலையிலதான் ஓடிச்சின்னு சொல்லலாம்."

புகைப்படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வெள்ளைத் துணி விரித்து, மேலே ஒரு சின்ன விளக்கு எரிய, நடுவில் ஒரு கை அளவு நிலக்கடலை. அதைப் பார்த்ததும் குமரேசனுக்கு நெஞ்சு விம்மிப் போயிற்று. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மேல் தன் மூட்டை எங்கேயும் போகும் என்று அவன் நினைத்ததில்லை. அதன் பெயரைச் சொன்னதற்கே எத்தனையோ வீட்டில் முகம் சுளித்திருக்கிறார்கள். அதற்கு இங்கே விளக்குப் போட்டு, கண்ணாடி மாட்டி வைத்திருக்கிறார்கள். தாத்தனோ முப்பாட்டனோ பிடுங்கின காய் கடல் தாண்டிப் போயிருக்கிறது. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது.

"உங்க வீட்ல கடலை போடறீங்களா?" என்று கேட்டாள் அவள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் சீனுவாசன் முந்திக்கொண்டார். "அய்ய, இவனுக்கு அதெல்லாம் இன்னான்னே தெரியாதும்மா. கம்பெனில வேலை. சொந்தக்காரங்க யாரோ போடறாங்க, அதச் சொல்றான்."

குமரேசன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி நின்றான். தன் கடலையின் முன்னாலேயே அதைத் தெரியாது என்று சொல்ல வைத்துவிட்டார்களே என்று அவனுக்கு முகம் எரிந்தது.

தையல்நாயகி இதில் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. தன் மகனோடு ஒரு பெண் சிரித்துப் பேசி அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. மனசு பொங்கிவிட்டது. பைக்குள் கையை விட்டாள். வாழையிலையைப் பிரித்தாள். "இப்டி திரும்பும்மா" என்று பெண்ணின் தோளைத் தொட்டுத் திருப்பி, மல்லிகையை மளமளவென்று சடையில் வைத்துவிட்டாள்.

"அய்யோ, எதுக்குங்கம்மா!" என்றாள் கலைப்பிரியா. சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தாள். நன்றாகச் சுற்றிக் காட்டியதற்கு ஒரு அம்மா பிரியமாகப் பூ வைக்கிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய் பெண்ணுக்குப் பூ வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம். சம்பந்தம் முடிவாகிவிட்டது, இனி இவள் எங்கள் வீட்டுப் பெண். தையல்நாயகியின் கண்கள் கலங்கிவிட்டன.

வெளியே வந்து கார் பக்கத்தில் நின்றதும் அவள் மகனின் கன்னத்தைப் பிடித்தாள். "சொல்லுடா, பொண்ணு எப்டிடா இருக்கா?"

"ஒரு ஆணி கூட இல்லாம கட்டியிருக்காங்கம்மா!" என்றான் குமரேசன்.

"நாசமாப் போவ! பொண்ணக் கேட்டா படகச் சொல்றான் பாரு!"

யோசித்துப் பார்த்தான். பெண்ணின் முகம் ஞாபகத்தில் இல்லை. குரல் இருந்தது, சிரிப்பு இருந்தது, செருப்பு இருந்தது. நங்கூரத்தின் ஓட்டை இன்னும் கண்ணிலேயே நின்றது. இவ்வளவு தூரம் வந்து பெண்ணைப் பார்க்காமல் திரும்புகிற மாப்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே தான் ஒருத்தன்தான் என்று நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் மாமாவின் குரல் காதில் விழுந்தது. சீனுவாசன் போனில் தரகரோடு பேசிக்கொண்டிருந்தார். "பூ வச்சாச்சு விருத்தாசலம்! அக்காவே வச்சிட்டாங்க. பொண்ணு தலையக் குனிஞ்சி வாங்கிக்கிச்சின்றேன்! ஒடனே கண்டாச்சிபுரத்துக்குப் போனப் போட்டு அவங்க அப்பாகிட்ட சொல்லிடு. வர்ற முகூர்த்தத்துலயே வச்சிக்கலாம்."

குமரேசனுக்குத் திக்கென்றது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஊருக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பூவை வாங்கிக்கொண்டாய், இனி மாட்டேன் என்று சொல்ல உனக்கு வாய் ஏது என்று அவளைக் கேட்பார்கள். அதுவும் இல்லாத கம்பெனிக்காரன் ஒருத்தனுக்காக.

"எங்கடா ஓடற? டேய்! பேஜாரு புடிச்சவனே!" என்று மாமா கத்தியது பின்னால் கேட்டது. குமரேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். பிரான்சிஸ் மத்தியானத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு நிமிஷம்ங்க" என்று அவருடைய கைக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விட்டான்.

கலைப்பிரியா கடலை இருந்த அறையில் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, ஏதாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். மூச்சிரைத்தது. "நாங்க மியூசியம் பாக்க வரலீங்க. உங்களத்தான் பாக்க வந்தோம். பொண்ணு பாக்க. தரகர் விருத்தாசலம் சொன்னாரே, அந்த மாப்பிள்ளை நான்தான். நான் கம்பெனில இல்ல. கூட்டேரிப்பட்டு பக்கத்துல மல்லாட்டை போடறேன். எங்கம்மா வச்சது சும்மா பூ இல்லீங்க, முடிவு பண்ணி வச்சிட்டாங்க. உங்க அப்பாவுக்குச் சொல்லப் போறாங்க. உங்களுக்குத் தெரியாம வச்ச பூவு செல்லாது. எடுத்துப் போட்டுடுங்க. நான் போய் எங்க ஆளுங்ககிட்ட சொல்லிக்கிறேன்."

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். பிறகு அவள் பேசியபோது குரலில் சிரிப்பு இல்லை.

"பட்டுப்புடவையப் பாத்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திச்சு. ஒருத்தர் மெட்ராஸுன்னாரு, ஒருத்தங்க கும்பகோணம்னாங்கன்னு பிரான்சிஸ் அண்ணனும் சொன்னாரு. இதே மாதிரி முன்னாடியும் வந்திருக்காங்க. நான் நங்கூரத்தக் காட்டுனா என் மூக்கப் பாப்பாங்க. படகக் காட்டுனா என் காலப் பாப்பாங்க. போற வரைக்கும் ஒரு பொருளையும் பாக்க மாட்டாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "நீங்க என்னைப் பாக்கவே இல்ல. படகுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டீங்க. அதனால நிஜமாவே மியூசியம் பாக்கத்தான் வந்திருக்கீங்கன்னு நம்பிட்டேன். அந்த நம்பிக்கையிலதான் தலையக் குனிஞ்சேன்."

அவள் போன் அடித்தது.

"அப்பா" என்றாள் அவள் போனை எடுத்து. "ஆமாம்பா, வந்திருந்தாங்க. பூவா? வச்சாங்கப்பா. எனக்கு அவங்க யாருன்னே தெரியாது, அது கணக்குல வராது. நான் எடுத்துட்டேன். மாப்பிள்ளையும் செல்லாதுன்னு சொல்லிட்டாரு. இல்ல, இங்கதான் நிக்கிறாரு. அப்புறம் பேசறேன்."

பேசிக்கொண்டே பூவைச் சடையிலிருந்து உருவி, மேசை மேல் வைத்தாள். குமரேசனுக்கு உள்ளே ஏதோ அறுந்து விழுந்த மாதிரி இருந்தது. தானே சொன்னதுதான், ஆனாலும் வலித்தது. ஜாதகம் பொருந்தாமல் போனபோதெல்லாம் இப்படி வலித்ததில்லை. "அப்ப நான் வர்றேங்க" என்று திரும்பினான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள். "இங்க பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாருமே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலைய விட்டுடணும்னு. நீங்களும் அப்டித்தானா?"

"விட்டுட்டா?" குமரேசன் பதறிப்போய்விட்டான். "எங்க மல்லாட்டை கப்பல் ஏறிச்சின்னு அப்புறம் யாருங்க சொல்லுவாங்க? கூட்டேரிப்பட்டுலேர்ந்து காலைல பாண்டிக்கு பஸ் இருக்குது. பஸ்ஸு வரலன்னா நானே வண்டில கொண்டாந்து வுடறேன். எங்கம்மா கத்தும். கத்தட்டும், நான் பேசிக்கிறேன். அறுவடை நாள்ல மட்டும் சோறு நேரத்துக்கு இருக்காதுங்க, அத இப்பவே சொல்லிடறேன்."

இவ்வளவையும் அவன் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் அணைத்த விளக்கை மறுபடியும் போட்டாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நான் ஊர்லதான் இருப்பேன். வீட்டுக்கு வாங்க. உங்க மாமாவ முந்திக்க வுடாம, நீங்களே எங்கப்பாகிட்ட மல்லாட்டைன்னு சொல்லுங்க. அவரு முகம் சுளிப்பாரு. நான் பேசிக்கிறேன்."

குமரேசனுக்குக் காதுக்குள் அலை அடிக்கிற மாதிரி இருந்தது. தலையை மட்டும் ஆட்டினான். கண் பெட்டியை விட்டு நகரவில்லை.

"இப்பவும் கடலையத்தானா?" என்றாள் அவள். "பொண்ணு பாக்கத்தானே வந்தீங்க? பாருங்க."

அவன் நிமிர்ந்தான். மாநிறம். காதில் சின்னத் தோடு, இளம்பச்சைப் புடவை. கண்ணாடி போட்டிருந்தாள், அது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளும் அவனை நன்றாக, அவசரமில்லாமல், உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.